பூஜையில் வைத்த மலை சைக்கிள்

அக்கா,

உங்கள் சைக்கிள் இப்போது என் வீட்டு வாசலில், சமையலறை ஜன்னலுக்குக் கீழே சாய்ந்து நிற்கிறது. சீட்டுக்குப் பின்னால் நான் ஆணியடித்துக் கொடுத்த மரப்பெட்டியை இன்றைக்குக் காலையில் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. டெட்டால் வாசனை மட்டும் அப்படியே இருந்தது. அதை முகர்ந்துகொண்டு எவ்வளவு நேரம் குனிந்து நின்றேனோ, என் மனைவி வந்து, "என்னாங்க, பெட்டிக்குள்ள தலய விட்டுக்கிட்டு என்னா தேடுறீங்க?" என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது அக்கா. தொழிற்சாலையில் மிஷின் பழுது பார்த்துக்கொண்டு நீங்கள் பார்த்த அந்தத் துள்ளல் பிட்டர் இப்போது இல்லை.

உங்கள் கருமாதி முடிந்த மறுவாரம், முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரியில் உங்கள் தம்பி இதைக் கம்போங் ராஜாவிலிருந்து அனுப்பி வைத்தார். கூடவே ஒரு துண்டுக் காகிதம். "அக்காவின் துணிமணி, பாத்திரம் எல்லாம் கொடுத்துவிட்டோம். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. செய்தவர் நீங்கள். என்ன செய்வது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்." அந்த முடிவை எடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. என்ன முடிவு, ஏன் அந்த முடிவு என்று உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழை நாள் நீங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றது நினைவிருக்கிறதா? முழங்கால்வரை சேறு. நாலு டிவிசனாகப் பிரிந்து கிடக்கும் தேயிலைத் தோட்டத்துக்கே பிரசவம் பார்க்கிற மிட்வைப் தொழிற்சாலைக்கு வந்தால் யாருக்கோ என்னவோ என்று அர்த்தம். நான் கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்தேன். நீங்கள் பையை இறக்கி வைத்துவிட்டு, "டேய் பிட்டர், நாலு டிவிசனுக்கும் நடந்து நடந்து என் காலு தேஞ்சு போச்சு. லோரிக்குக் காத்திருந்தா புள்ள பொறந்து அதுக்குப் பல்லும் முளைச்சிரும். எனக்கு ஒரு சைக்கிளு செஞ்சு குடு. மேடு ஏறணும். மழையில வழுக்கக் கூடாது. சேல கட்டிக்கிட்டு ஏறி உக்காரணும்" என்றீர்கள். புடவைக் கடையில் கலர் சொல்வதுபோல் இருந்தது.

"கடையில விக்கிறத வாங்கிக்கிட்டா என்னாக்கா?" என்றேன்.

"கடையில விக்கிறது தானா ராத்தா டவுனு ரோட்டுல ஓடும். நம்ம கொழுந்துக்காட்டுல ஓடுமா? அம்மாம் பெரிய மிஷினெல்லாம் பிரிச்சு மாட்டுற. ஒரு சைக்கிளு செய்யத் தெரியாதா உனக்கு?"

என்னை எங்கே தட்டினால் நான் அசைவேன் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதம் வேறு நினைப்பே இல்லாமல் கிடந்தேன். தபால்காரர் ஒருவர் கைவிட்டுப்போன துருப்பிடித்த சைக்கிளின் உடம்பு, வேலை மேய்க்கும் மண்டோர் ஒருவர் விழுந்து நொறுக்கிய மோட்டாரின் கைப்பிடி, ஈப்போவில் ரிக்ஷா மாதிரியான திரிஷா வண்டி விற்கும் கடையில் சொல்லி வைத்து வாங்கிய தடித்த டயர்கள். ஏற்றத்தில் மிதி லேசாக இருக்க வேண்டும் என்று பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டினேன். மழையில் ரிம்மைப் பிடிக்கிற பிரேக் நிற்காது. அதனால் சக்கரத்தின் நடுவில் பிடிக்கிற பிரேக். சேலைக்காக மேல்கம்பியை அறுத்துத் தாழ்வாகச் சரித்து ஒட்டவைத்தேன். கடைசியில் கொழுந்து உருட்டும் ரோலர் மிஷினுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை அதற்கும் அடித்தேன். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஏறியது அக்கா. எந்த மேட்டைக் காட்டினாலும் ஏறியது.

நீங்கள் ஓட்டப் பழகிய கதையை நான் எழுதினால் மேலே இருந்தாலும் கோபித்துக்கொள்வீர்கள். தேயிலைச் செடிக்குள் எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று கொழுந்து பறிக்கிற பெண்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு சேலைக்குள்ளே என்னுடைய பழைய சிலுவார்க் கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மேலே இழுத்துச் செருகி, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பியதும் விழுவது நின்றது. நாலு டிவிசன் பிள்ளைகளும் "மலை சைக்கிள், மலை சைக்கிள்" என்று பின்னாலேயே ஓடினார்கள். லயத்து வரிசை வீட்டில் வலி வந்து படுத்திருக்கிறவளிடம், "பயப்படாத, சைக்கிளு வந்துருச்சு" என்று சொன்னால் போதும், பாதி தைரியம் வந்துவிடும் என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கே அப்படித்தான் இருந்ததாம். எங்கள் இரண்டாவது மகளுக்குத் தொப்புள்கொடி அறுத்த கை உங்களுடையது.

அந்த சைக்கிளைச் செய்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

தொழிற்சாலைப் பூஜை எங்கள் பிட்டர்களுக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாளே மிஷினை எல்லாம் நிறுத்தி, சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கிவிடுவோம். சாமி முன்னால் வைத்த சாமானை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. அதற்கு முந்தின வருஷம், என்னோடு வேலை செய்த ஒருவன் ஏதோ அவசரம் என்று பூஜையிலிருந்து ஒரு ஸ்பானரை எடுத்தான். அதே வாரம் ரோலரில் அவன் இரண்டு விரல் போனது. அதற்குப் பிறகு தொழிற்சாலையில் யாருக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. எனக்கும் கிடையாது. ஆனால் பயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் அன்று காலையில் உங்கள் வீடு தேடி வந்து சைக்கிளைக் கேட்டவன் நான்தான்.

பட்டறையில் இருக்கிற அத்தனையும் வெள்ளைக்காரன் செய்தது. நான் பழுது பார்ப்பவன், அவ்வளவுதான். என் கையால் முழுசாகச் செய்த ஒரே சாமான் அந்த சைக்கிள். சாமி முன்னால் என் சாமான் ஒன்று நிற்க வேண்டும், ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி முதற்கொண்டு எல்லாரும் பார்க்க வேண்டும் என்று ஆசை. இதுதான் உண்மை. பக்தி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் தயங்கினீர்கள். "இன்னிக்கா? மேல் டிவிசன்ல லெட்சுமிக்கு நாளு நெருங்கிருச்சுடா. தலச்சம் புள்ள."

"ஒரு நாளுதானக்கா. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கெல்லாம் கொண்டாந்து நிப்பாட்டிர்றேன். இன்னிக்கேவா வலி வந்துரப் போவுது?"

நீங்கள் சிரித்துக்கொண்டே பெட்டியைக் காலி பண்ணிக் கொடுத்தீர்கள். நான் அதை உருட்டிக்கொண்டு போய், மாலை போட்டு, ஹேண்டிலில் சந்தனம் அப்பி, இரண்டு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் நிறுத்தினேன். பெரிய கிராணி வந்து பார்த்து, "நல்லாருக்குப்பா" என்றார். அன்றைக்கு முழுக்க என் கால் தரையில் இல்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பூசாரி அர்ச்சனையில் இருந்தார். எல்லாரும் கைகூப்பி நின்றுகொண்டிருந்தோம். நான் ஏதோ நினைவில் வாசல் பக்கம் திரும்பினேன். நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்கள் கண் சைக்கிள்மேல் போனது, பிறகு என்மேல் வந்தது. உங்கள் கையில் பிரசவப் பை இருந்தது.

இந்த ஒரு வரியை எழுதத்தான் பதினோரு வருஷம் ஆனது. பையை நான் பார்த்தேன் அக்கா. நீங்கள் சுண்டலுக்கு வரவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, உள்ளங்கையைக் காட்டி, "பொறுங்க" என்று சைகை செய்துவிட்டு சாமி பக்கம் திரும்பிக்கொண்டேன். எதற்குப் பொறுக்கச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. கற்பூரம் காட்டி முடிந்தாலும் சைக்கிளை நான் எடுத்திருக்கப் போவதில்லை. லோரியில் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. லோரியும் மாலையோடு வெளியேதான் நின்றது. டிரைவர் டவுனுக்குப் போய்விட்டான். அதுவும் எனக்குத் தெரியும்.

தீபாராதனை முடிந்து திரும்பினேன். வாசலில் நீங்கள் இல்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பல வருஷம் உங்கள்மேல்கூட மனசுக்குள் குறைபட்டிருக்கிறேன், பாருங்கள் என் புத்தியை. சாமி முன்னால் நிற்கிறதை எடுத்துக் கொடு என்று அத்தனை பேர் நடுவில் கேட்டு, நான் முடியாது என்று சொல்லி, என்னை அந்த நிலைமையில் நிறுத்த நீங்கள் விரும்பவில்லை. நான் பொரியும் கடலையும் வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

சைக்கிளில் போனால் மேல் டிவிசனுக்கு முக்கால் மணி நேரம். நடந்தால் ஒன்றரை மணி. நீங்கள் ரோட்டை விட்டுவிட்டு, கொழுந்துக்காட்டுக்குள் குறுக்கே இறங்கி, ஓடையைத் தாண்டி ஏறியிருக்கிறீர்கள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு, மூச்சில்லாமல். ஆண் பிள்ளை. மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் எல்லார் காதிலும் விழும்படி, "அர மணி முன்னாடி அவங்க கை பட்டிருந்தா..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். லெட்சுமியின் மாமியார் நிறுத்தவில்லை. லயத்து நடுவில் நின்று, "பூஜையில உக்காந்து சுண்டல் தின்னுட்டு ஆடி அசைஞ்சு வந்தா மகராசி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் நாலு டிவிசனுக்கும் அந்தப் பேச்சு போய்விட்டது.

சொன்னபடி காலை ஏழு மணிக்கு நான் சைக்கிளைக் கொண்டுவந்தேன். சந்தனம்கூடக் காயவில்லை. நீங்கள் ஈரத்துணி எடுத்துவந்து ஹேண்டிலைத் துடைத்தீர்கள். உங்கள் வலது கால் பெருவிரலில் கட்டுப் போட்டிருந்தது. துடைத்து முடித்து, துணியைப் பிழிந்து, "பிரேக்கு நல்லாப் புடிக்குதா?" என்று கேட்டீர்கள். "புடிக்குதுக்கா" என்றேன். அன்றைக்கு நீங்கள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் உங்கள் காலில் விழுந்திருப்பேன்.

அடுத்த வாரம் ஆபீஸ் வாசலில் விசாரணை. துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிராணி நோட்டும் பேனாவுமாக. லயத்து ஜனங்கள் பாதிப் பேர் கூடி நின்றார்கள். நானும் நின்றேன், உங்களுக்குப் பின்னால் நாலு எட்டு தள்ளி. ஏன் நேரமாச்சு என்று துரை கேட்டார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பொறப்பட லேட்டாயிருச்சு துரை" என்றீர்கள். அவ்வளவுதான். சைக்கிள் என்ற வார்த்தையே வரவில்லை. என் பேரும் வரவில்லை. கிராணி அதை எழுதிக்கொண்டார். நான் ஒரு எட்டு முன்னால் வந்திருந்தால் போதும். தொழிற்சாலையில் பேர் கெட்டுப்போகும், துரை வேலையை விட்டு நிறுத்தினால் லயத்து வீடும் போய்விடும், இரண்டு பெண்பிள்ளைகள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். கூட்டம் கலைந்தது. நீங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனீர்கள், ஏறி ஓட்டவில்லை.

அதற்குப் பிறகு உங்களைக் கூப்பிடுவது குறைந்துபோனது. வசதி உள்ளவர்கள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றவர்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள். பேர் வைக்கிற வீட்டில் உங்களுக்கு முதல் தட்டு வைப்பார்களே, அது நின்றது. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் உட்கார்ந்து பஞ்சு சுருட்டிக்கொண்டும் துணி வெட்டிக்கொண்டும் நாளைக் கழித்தீர்கள். அப்போதும் சைக்கிளில்தான் வேலைக்கு வந்தீர்கள். மாதம் ஒருமுறை அதை நான் பட்டறைக்குக் கொண்டுபோய், சங்கிலி கழுவி, பிரேக் பார்த்து, காற்றடித்துக் கொடுப்பேன். வேறு யாரையும் தொட விட்டதில்லை. பரிகாரம் செய்கிறோம் என்று எனக்கு ஒரு நினைப்பு. கொடுக்க வேண்டியது ஒரு வார்த்தை. நான் கிரீஸ் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சொல்வதற்கு நல்ல சமயங்கள் வராமல் இல்லை. ஒருநாள் தானா ராத்தாவிலிருந்து சிரித்துக்கொண்டே பட்டறைக்கு வந்தீர்கள். எத்தனையோ வருஷம் கழித்து உங்கள் பல்லை அன்றுதான் பார்த்தேன். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் பளபளவென்று தடித்த டயர் போட்ட சைக்கிளில் மேடு ஏறி வந்தானாம். உங்கள் சைக்கிளைப் பார்த்ததும் இறங்கி, சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தானாம். "அவன் சைக்கிளுக்குப் பேரு மவுண்டன் பைக்காம்டா. அவுங்க ஊருல இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காங்களாம். நம்ம எப்பவோ செஞ்சுட்டோம்னு சொல்லத்தான் எனக்கு இங்கிலீசு வரல" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பட்டறையில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். நாக்கு நுனிவரை வந்தது. உங்கள் சிரிப்பைக் கெடுக்க வேண்டாமே என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷமே நீங்கள் வேலையை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டீர்கள். சைக்கிளை லோரியில் ஏற்றிக் கயிறு கட்டியதும் நான்தான். அன்றைக்கும் சொல்லவில்லை.

உங்கள் சாவுக்குத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் நானும் என் மனைவியும் இன்னும் மூன்று பேரும். எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியிருப்பீர்கள் அக்கா. ஐந்து பேர்தான் வந்தோம்.

சைக்கிள் வந்து இறங்கியதும் வீட்டில் பேச்சு ஆரம்பமானது. என் மனைவிக்கு அதை வைத்துக்கொள்ளவும் மனசில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. "மழையில நிக்குது, பாவமா இருக்கு. யாருக்காச்சும் குடுத்துருங்களேன்" என்றாள். பழைய இரும்பு வாங்க வரும் சீனர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெயிட் இருக்கு" என்று பாராட்டினார். அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அப்போதுதான் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் ஆள் அனுப்பினார். கடை முன்சுவரில் அதை மாட்டி, பெட்டியில் பூச்சட்டி வைக்கப் போகிறாராம். சுற்றுலாக்காரர்கள் போட்டோ எடுப்பார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. டவுன் நடுவில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் உங்கள் சைக்கிள். அடுத்த நாளே கொண்டுபோனேன்.

பாய் நல்ல மனிதர். எனக்கு ரொட்டியும் டீயும் வைத்துவிட்டு, சைக்கிளைத் தடவித் தடவிப் பார்த்தார். "கீழ ஒரு போர்டு மாட்டணும் பிட்டர். யாரு ஓட்டுன சைக்கிளு?"

"எங்க தோட்டத்து மிட்வைப் ஓட்டுனது."

பாய் யோசித்தார். "ஓ, பூஜையில உக்காந்துட்டு லேட்டா போயி ஒரு புள்ள செத்துப் போச்சே, அவங்களா?" அவர் குரலில் குத்தல் இல்லை. அடையாளம் கேட்கிறார், அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "அதெல்லாம் போர்டுல எழுத வேணாம் லா. தோட்டத்து சைக்கிளுன்னு மட்டும் போட்டுருவோம்" என்றார்.

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன். உங்களை நேரில் பார்த்தேயிராத மனிதர், இன்னொரு ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், அவரிடம்கூட உங்களைப் பற்றி இருந்தது அந்த ஒன்றுதான். அதுவும் பொய். அந்தப் பொய்யை வளர விட்டவன் அவர் கடையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான். "மன்னிச்சுக்குங்க பாய், இது குடுக்கிற சாமான் இல்ல" என்று சொல்லிவிட்டு சைக்கிளை வெளியே எடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காய்கறி லோரியில் சைக்கிளோடு ஏறி கோலா தெர்லாவுக்குப் போனேன். லெட்சுமி இப்போது அங்கே ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆஸ்பத்திரியில் பிறந்தவை, பள்ளிக்கூடம் போகின்றன. கொட்டகையில் உட்கார்ந்து வெங்காயத்தாளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் சைக்கிளை வாங்கியது, மாலை போட்டது, பை, சைகை, ஆபீஸ் வாசல். ஒன்றையும் விடவில்லை.

அவள் கை நின்றுபோனது. "அன்னிக்கு அவுங்க நடந்தா வந்தாங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. காட்டுக்குள்ள எறங்கி, குறுக்கால."

"ஒரு காலுல செருப்பு இல்ல. வெரல்ல ரத்தம். நான் பாத்தேன். அந்த வலியில பாத்தது, அப்பறம் நெனச்சே பாக்கல." வெங்காயத்தாளைக் கீழே வைத்தாள். "செத்ததும் அவுங்க தம்பி எனக்கும் ஆள் சொல்லி விட்டாரு. கம்போங் ராஜா இந்தா இருக்கு. நான் போவல."

என்மேல் இருந்ததை இறக்கி வைக்கப் போனேன் அக்கா. அவள் தலையில் ஒன்றை ஏற்றி வைத்துவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், அசட்டுத்தனமாக, "இந்த சைக்கிள என்னா செய்யறதுன்னு நீயே சொல்லும்மா. ஒடச்சுப் போடுன்னாலும் போட்டுர்றேன்" என்றேன்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "சைக்கிளு என்னா பண்ணுச்சு? எங்கிட்ட வந்து தனியா சொல்லிட்டுப் போனா ஆச்சா பிட்டரு? அவுங்கள எல்லாரு முன்னாடியும் தானே நிப்பாட்டி வெச்சாங்க. லயம் லயமா போயி சொல்லுங்க. இந்த சைக்கிள்ளயே போயி சொல்லுங்க." சொல்லிவிட்டு வெங்காயத்தாளை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். நான் கிளம்பும்வரை நிமிரவில்லை.

பிரேக் கம்பி மாற்றினேன். டயரின் உள்ளே இருந்த டியூப் இரண்டையும் மாற்றினேன். நாலு ஞாயிற்றுக்கிழமை, நாலு டிவிசன். நீங்கள் தினமும் மிதித்த மேட்டை நான் ஒருநாள் மிதித்ததற்கே முழங்கால் வீங்கிவிட்டது. என் மனைவி எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "இதுக்கு அன்னிக்கே வாயத் தெறந்திருக்கலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

முதல் டிவிசனில் கோயில் முன்னால் கூடியிருந்தவர்களிடம் சொன்னேன். காறித் துப்புவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர், "அடடா, அப்பிடியா?" என்றார். இன்னொருவர், "பூஜையில வெச்சத எப்பிடி எடுக்க முடியும்? நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்" என்று எனக்கே நியாயம் சொன்னார். இரண்டாவது டிவிசனில், "பழைய கத லா பிட்டர், விடுங்க" என்று தோளில் தட்டினார்கள். மூன்றாவதில் பாதிப் பேர் புதுசாக வந்தவர்கள். எந்த மிட்வைப் என்று கேட்டார்கள். நான் உங்களைப் பற்றி முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சைக்கிளைச் சுற்றி நின்று கேட்டார்கள். அது ஒன்றுதான் அந்த நாலு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

கடைசியாக மேல் டிவிசன். லெட்சுமியின் மாமியார் இன்னும் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. லயத்து நடுவில் நின்று மார்பில் அடித்துக்கொண்டவள். அவளாவது என்னை வாய் நிறையத் திட்டுவாள் என்று நம்பிப் போனேன். முழுவதையும் கேட்டாள். ஒரு பெருமூச்சு விட்டாள். இளைய மருமகளைக் கூப்பிட்டு, பால் டின்னைத் திறந்து எனக்கு டீ போடச் சொன்னாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, "இம்புட்டு தூரம் மிதிச்சு வந்து ஒத்துக்கணும்னு தோணுச்சே. நல்ல மனுசன்யா நீ" என்றாள்.

சைக்கிளை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை அக்கா. மாட்டி வைக்கப் போவதும் இல்லை. அதில்தான் இனிமேல் வேலைக்குப் போகிறேன். யார் நிறுத்திக் கேட்டாலும் அது யாருடையது, அன்றைக்கு நீங்கள் எப்படி மேல் டிவிசனுக்குப் போனீர்கள் என்று சொல்கிறேன். இந்த அளவில் சைக்கிளுக்கு வழி பிறந்துவிட்டது.

எனக்குத்தான் பிறக்கவில்லை. அந்தக் கிழவி சொன்னதை மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். போன வாரம் கடைக்குப் போனேன், எனக்கு உட்கார இடம் விட்டு எழுந்தார்கள். பதினோரு வருஷம் உங்களைத் தின்ற அதே வாய்கள் இப்போது என்னை நல்ல மனுஷன் என்கின்றன. இந்தப் பேரை நான் கேட்கவில்லை. யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. உங்களுக்கு வந்திருக்க வேண்டிய நல்ல பேரை இப்போது நான் சுமந்துகொண்டு திரிகிறேன் அக்கா.

பிட்டர்